முதலில் விழக் கற்றுக்கொள்! – குமிழிக் கால்பந்து: முதல் பாடம்



"குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை" என்று ஒரு பழமொழி கேட்டிருப்பீர்கள். தோற்றதை ஒத்துக்கொள்ளாத வீம்புக்காரர்களைக் கேலி செய்யச் சொல்வது. ஆனால் நிஜமாகவே குப்புற விழுந்தாலும், மல்லாக்க விழுந்தாலும், தலைகீழாகப் புரண்டாலும் மீசையில் மண் ஒட்டாத ஒரு விளையாட்டு இருக்கிறது. (நமக்குத்தான் இன்னும் மீசையே வரலையே என்று கேட்காதீர்கள்!) அதன் பெயர் குமிழிக் கால்பந்து. 'பபிள் சாக்கர்' என்றும் சொல்வார்கள்.

புதிதாக ஆடப் போகிறவர்களுக்கு அதைச் சொல்லித் தருவதே இந்தக் கட்டுரை. முக்கியமாக, பி.டி. பீரியடில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்பையும் வாட்ச்சையும் காவல் காக்கும் நண்பர்கள் இதைப் படிக்க வேண்டும். நானும் 2 வருடம் அங்கே காவல் காத்தவன்தான்.

அது என்ன விளையாட்டு?

கால்பந்து ஆட்டம்தான். ஆனால் ஆடுகிறவர் ஒவ்வொருவரும் ஒரு பெரிய காற்றுப் பந்துக்குள் நிற்பார்கள். நம் வடையை நினைத்துக்கொள்ளுங்கள். வடையின் நடுவில் ஓட்டை இருக்கிறது அல்லவா? அந்த ஓட்டைக்குள் ஆள். சுற்றிலும் காற்று. தலையிலிருந்து முழங்கால் வரை குமிழி மூடியிருக்கும். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே தெரியும். தூரத்தில் இருந்து பார்த்தால் கண்ணாடிப் பூசணிக்காய்க்குக் கால் முளைத்து ஓடுவது போல இருக்கும்.

பெரியவர்களுக்கான குமிழி சுமார் ஒன்றரை மீட்டர் அகலம். சிறுவர்களுக்கு அதைவிடச் சின்னது. பி.வி.சி. போன்ற கனமான பிளாஸ்டிக்கில் செய்வார்கள். பெரிய குமிழி சுமார் 10 கிலோ இருக்கும். உள்ளே இரண்டு தோள்பட்டிகள் உண்டு, நாம் புத்தகப்பையை மாட்டுவது மாதிரி. பிடித்துக்கொள்ள இரண்டு கைப்பிடிகளும் இருக்கும்.

விதிகள் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். பொதுவாக ஒரு அணிக்கு 4 அல்லது 5 பேர். பந்தை நடுவில் வைத்துவிட்டு இரண்டு அணியும் அவரவர் கோல் பக்கம் நிற்பார்கள். விசில் ஊதியதும் ஓடி வர வேண்டியதுதான். எதிரியை இடிக்கலாம், உருட்டி விடலாம். ஆனால் கோல் போட்டால்தான் மதிப்பெண். இடித்ததற்கு மதிப்பெண் கிடையாது!

எங்கே பிறந்தது?

1990-களில் நியூசிலாந்து நாட்டில் பெரிய பிளாஸ்டிக் பந்துக்குள் ஆளை வைத்து மலைச்சரிவில் உருட்டி விடும் 'ஸோர்பிங்' விளையாட்டு பிரபலமானது. குமிழிக் கால்பந்து அதற்குப் பிறகு வந்தது. 2011-ஆம் ஆண்டு நார்வே நாட்டில் ஹென்ரிக் எல்வெஸ்டாட், யோஹன் கோல்டன் என்ற இருவர் தங்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வேடிக்கைக்காக இதை ஆடிக் காட்டினார்கள். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆடியவர்களும் விழுந்து விழுந்துதான் ஆடினார்கள்! பிறகு ஐரோப்பா, அமெரிக்கா என்று பரவி இந்தியப் பெருநகரங்களுக்கும் வந்துவிட்டது.

எங்கள் ஆம்பூரில் நான் இதைப் பார்த்ததில்லை. நான் ஆடியது சென்னையில். அந்தக் கதையைச் சொல்லும் முன்னால் இன்னொரு கதை சொல்ல வேண்டும்.

என் கை உடைந்த கதை

7-ஆம் வகுப்பில் கால்பந்து ஆடும்போது கால் இடறி முன்பக்கமாக விழுந்தேன். விழும்போது வலது கையை நீட்டித் தரையில் ஊன்றினேன். உடம்பு எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு உடைந்து மாவுக்கட்டு போட்டார்கள். எலும்பு டாக்டர் சொன்னார்: "கையை நீட்டி ஊன்றி விழுறவங்கதான் இங்க அதிகம் வர்றாங்க தம்பி."

சில வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. பயம் கூடவில்லை. மைதானத்தில் இறங்கினாலே விழுந்துவிடுவேனோ என்று கால் தயங்கும். அதனால் வேப்பமரத்தடிக்குப் போனேன். யாராவது கேட்டால் "கை வலிக்குது" என்பேன். நிஜத்தில் வலி போய் ரொம்ப நாள் ஆகியிருந்தது.

போன அரையாண்டு விடுமுறையில் சென்னையில் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அவர் கம்பெனியின் குடும்ப விழாவில் பிள்ளைகளுக்காகக் குமிழிகளை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்கள். எனக்கு மாட்ட வந்தபோது வேண்டாம் என்றேன். "விழுந்தாலும் அடிபடாதுடா, ஏறு" என்று சித்தப்பா தள்ளிவிட்டார்.

முதல் இடியிலேயே மல்லாந்து விழுந்தேன். வானம் தெரிந்தது, என் இரண்டு காலும் தெரிந்தது. வலிக்கவே இல்லை! சிரிப்புதான் வந்தது. 2 வருடமாகப் பயந்த விஷயம் நடந்தேவிட்டது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று எத்தனை முறை விழுந்தேன் என்று எண்ணிக்கையே இல்லை.

ஆனால் நண்பர்களே, கதை அதோடு முடியவில்லை. கடைசி ஆட்டத்தில் நான் விழுந்து எழுந்துகொண்டிருக்கும்போது, என்னைவிட இரண்டு மடங்கு எடையுள்ள ஒரு அண்ணன் பின்னாலிருந்து வந்து மோதினார். என் தோள்பட்டி தளர்வாக இருந்தது. நான் தலைகீழானபோது உடம்பு குமிழிக்குள் வழுக்கி, தலை தரையில் இடித்து, கழுத்து மடங்கியது. இரண்டு நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அதற்கு மேல் எதுவும் ஆகாதது என் நல்ல நேரம். பட்டியை யாரும் இழுத்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது.

ஒரே நாளில் இரண்டு பாடம். குமிழி என் பயத்தைப் போக்கியது. குமிழியை மட்டும் நம்பக் கூடாது என்பதையும் அதுவே காட்டியது.

(தொடர்ச்சி அடுத்த தாளில்)

அடி ஏன் படவில்லை? – கொஞ்சம் அறிவியல்

ஓடும் பொருளுக்கு உந்தம் உண்டு. உந்தம் = நிறை × திசைவேகம். 40 கிலோ எடையுள்ள மாணவன் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடினால் உந்தம் 40 × 3 = 120. அவன் எதன்மீதாவது மோதி நின்றால் இந்த 120-ம் பூஜ்ஜியம் ஆக வேண்டும். எவ்வளவு நேரத்தில் ஆகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்:

சுவரில் மோதி 0.05 வினாடியில் நின்றால், விசை = 120 ÷ 0.05 = 2400 நியூட்டன்.

காற்றுக் குமிழி அமுங்கி அமுங்கி 0.4 வினாடியில் நின்றால், விசை = 120 ÷ 0.4 = 300 நியூட்டன்.

அதே ஆள், அதே வேகம். ஆனால் அடி எட்டில் ஒரு பங்கு! கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுப்பதும் இதற்காகத்தான்.

இதை வீட்டில் அம்மாவிடம் விளக்கினேன். அம்மா ஷூ கம்பெனியில் இன்சோல் ஒட்டும் வேலை செய்கிறார். "இது இன்னாடா புதுசா சொல்ற? குதிகால் வர்ற இடத்துல ஸ்பான்ஞ் வெச்சு ஒட்டறோமே, அது எதுக்கு? இல்லன்னா நடக்கறவனுக்கு முட்டி நோவாதா?" என்றார். எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. நான் புத்தகத்தில் படித்ததை அம்மா தினமும் கையால் ஒட்டிக்கொண்டிருக்கிறார்! ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்! உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். 30 கிலோ பையனும் 60 கிலோ பையனும் ஒரே வேகத்தில் ஓடினால், பெரியவனின் உந்தம் இரண்டு மடங்கு. அதனால்தான் எடை பார்த்து அணி பிரிக்க வேண்டும். எனக்குக் கழுத்து வலி வந்த கணக்கும் இதுதான்.

முதல் முறை ஆடுகிறவர்களுக்குப் பாடம்

அ) மாட்டுவதற்கு முன்

1. மூக்குக்கண்ணாடி, வாட்ச், கம்மல், செயின், சாவி, பேனா எல்லாவற்றையும் கழற்றி வைக்கவும். விழும்போது அவை நம்மையே குத்தும். குமிழியையும் கிழிக்கும்.

2. கான்வாஸ் ஷூ போதும். அடியில் முள் வைத்த ஷூ வேண்டாம்.

3. தோள்பட்டியை இறுக்கவும். நண்பனை இழுத்துப் பார்க்கச் சொல்லவும். நின்றால் உச்சந்தலை குமிழியின் மேல் விளிம்புக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். தலை வெளியே எட்டிப் பார்த்தால் அந்தக் குமிழி உங்களுக்குச் சின்னது. மாட்டாதீர்கள்.

4. சாப்பிட்ட உடனே ஆடக் கூடாது. ஆம்பூர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: பிரியாணி சாப்பிட்டுவிட்டு இதில் ஏறினால் பிரியாணிக்கும் மரியாதை இல்லை, குமிழிக்கும் மரியாதை இல்லை!

5. கழுத்து வலி, முதுகு வலி, வீசிங், இதயத் தொந்தரவு உள்ளவர்களும், சமீபத்தில் எலும்பு உடைந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஆடக் கூடாது.

ஆ) ஓடும்போது

6. உள்ளே நின்றால் உங்கள் பாதம் உங்களுக்கே தெரியாது. பந்து காலடிக்கு வந்ததும் மறைந்துவிடும். அதனால் தூரத்திலேயே பந்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன அடியாக எடுத்து வையுங்கள். ஓங்கி உதைக்காதீர்கள். பாதத்தின் உள்பக்கத்தால் தட்டினால் போதும்.

7. இரண்டு கையும் எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும்.

8. புதிதாக ஆடுகிறவர்கள் எல்லாரும் ஒரு தப்பு செய்கிறார்கள். பந்தை மறந்துவிட்டு ஆளை இடிக்கப் போய்விடுகிறார்கள். சென்னையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் இடித்து உருண்டுகொண்டிருந்தபோது, பந்து ஓரமாகச் சும்மா கிடந்தது. ஒரு சின்னப் பொண்ணு மெதுவாகத் தட்டிக்கொண்டே போய் கோல் போட்டுவிட்டது! நாங்கள் தரையில் படுத்தபடியே பார்த்தோம்.

இ) இடிக்கும்போது

9. நேருக்கு நேர் மட்டும்தான். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, நெஞ்சுப் பக்கத்தால் மோதவும். தலையால் முட்டக் கூடாது.

10. பின்னாலிருந்து இடிக்கக் கூடாது. நம்மைப் பார்க்காதவனை இடிக்கக் கூடாது.

11. விழுந்தவனைத் தொடக் கூடாது. அவன் எழுந்து நிற்கும் வரை அவன் ஆட்டத்தில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விதியை மட்டுமாவது மனப்பாடம் செய்யுங்கள்.

ஈ) விழும்போது

12. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளவும். முதுகை வளைத்து உடம்பைச் சுருட்டிக்கொள்ளவும். கைப்பிடியை விட்டுவிட்டுக் கையை வெளியே நீட்டவே கூடாது. விழுவதைத் தடுக்கப் போராடாமல் உருண்டு போகவும்.

உ) எழும்போது

13. மல்லாந்து கிடந்தால் நேராக எழ முடியாது. கவிழ்ந்த ஆமை மாதிரி காலை உதைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். முதலில் பக்கவாட்டில் உருண்டு குப்புற வாருங்கள். முழங்காலை மடக்கி அடியில் கொண்டு வாருங்கள். ஒரு பாதத்தை ஊன்றி எழுந்திருங்கள்.

14. முடியவில்லை என்றால் கூச்சப்படாமல் கத்துங்கள். கை கொடுப்பது எதிரணிக்காரனாக இருந்தாலும் பரவாயில்லை.

நம்ம ஊர் வெயிலும் குமிழியும்

வேலூரை 'வெயிலூர்' என்று விளையாட்டாகச் சொல்வோம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் புதிதில்லை. குமிழிக்குள் மேலும் கீழும் திறப்பு இருப்பதால் மூச்சு விடலாம். ஆனால் காற்றோட்டம் குறைவு, புழுக்கம் அதிகம். ஐந்து நிமிடத்திலேயே சட்டை நனைந்துவிடும். ஆகவே ஆடுவதானால் காலை அல்லது மாலையில் மட்டும். ஆட்டம் சின்னதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவில் குமிழியைக் கழற்றித் தண்ணீர் குடிக்க வேண்டும். தலை சுற்றினால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

எங்கள் அறிவியல் மிஸ் இன்னொரு விஷயமும் சொன்னார்கள். காற்று சூடானால் விரியும். காலையில் 27 டிகிரியில், அதாவது 300 கெல்வினில், குமிழியை நிரப்புகிறோம். வெயிலில் உள்ளே இருக்கும் காற்று 47 டிகிரி, அதாவது 320 கெல்வின் ஆனால், அந்தக் காற்று ஏறத்தாழ 15-ல் 1 பங்கு கூடுதல் இடம் கேட்கும். இடம் இல்லாவிட்டால் அழுத்தம் ஏறும். ஒட்டிய இடம் பிரியலாம். கல் மாதிரி விறைத்த குமிழி அமுங்கவும் அமுங்காது. அமுங்கினால்தானே அடி குறையும்? வெயிலில் நிறுத்தி வைத்த சைக்கிள் டியூப் 'டமார்' என்று வெடிப்பதைக் கேட்டவர்களுக்கு இது புரியும்.

குமிழி இல்லாத நம் மைதானத்தில்

விடுமுறை முடிந்து வந்ததும் பி.டி. சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சார், நம்ம ஸ்கூலுக்கு ஒண்ணு வாங்கலாமா?" என்றும் கேட்டேன். சார் சிரித்தார். "ஒண்ணு வாங்கி நீ தனியா உருளப் போறியா? பத்து வேணும்டா. அதெல்லாம் அப்புறம். விழக் கத்துக்கறதுக்குக் காசா பணமா? நாளைக்கு சாயங்காலம் வா" என்றார்.

ஸ்டோர் ரூமில் இருந்த பழைய பாயை விரித்துச் சொல்லிக் கொடுத்தார். நீங்களும் சாரைக் கேட்டு, அவர் முன்னால் மட்டும் செய்து பாருங்கள்.

பயிற்சி 1: பாயில் குத்துக்காலிட்டு உட்காருங்கள். கையை நெஞ்சில் கட்டி, தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்துப் பின்னால் உருளுங்கள். தலை பாயைத் தொடக் கூடாது. 10 முறை.

பயிற்சி 2: அதே மாதிரி உட்கார்ந்து பக்கவாட்டில் சாயுங்கள். முதலில் தொடை, பிறகு இடுப்பு, பிறகு தோள் என்று வரிசையாகத் தரையைத் தொட வேண்டும். கையை ஊன்றக் கூடாது. பழகிய பிறகு நின்றுகொண்டு முழங்காலை மடக்கிச் செய்யலாம்.

பயிற்சி 3: இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு பந்தைத் தட்டிச் செல்லுங்கள். கை வீச முடியாதபோது உடம்பைச் சமாளிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். குமிழிக்குள் ஆடுவது இப்படித்தான்.

பயிற்சி 4: கிணற்றில் நீச்சல் பழக லாரி டியூப் வைத்திருப்போமே, அதை ஆளுக்கு ஒன்று இடுப்பில் மாட்டிக்கொண்டு நடந்து வந்து மெதுவாக மோதுங்கள். வால்வு முனை குத்தும், அதில் துணியைக் கட்டிச் சுற்றிவிடுங்கள். ஓடக் கூடாது, விழவும் கூடாது. காற்று எப்படி அடியை வாங்கிக்கொள்கிறது என்று தெரிந்துகொள்ள மட்டும்.

முதல் நாள் பயிற்சி 2-க்கு எனக்குக் கை தானாக நீண்டது. சார் திட்டவில்லை. "பழைய பயம், கைக்கு ஞாபகம் இருக்கு. திரும்பத் திரும்ப செய், மறந்துடும்" என்றார். நான்காவது வாரம் கை நீளவில்லை. ஐந்தாவது வாரம் சார் கேட்காமலேயே நான் மைதானத்தில் இறங்கினேன். இடது பக்கம் தடுப்பு ஆட்டக்காரனாக நிற்கிறேன். இன்னும் கோல் எதுவும் போடவில்லை. போன வாரம் இரண்டு முறை விழுந்தேன். இரண்டு முறையும் எழுந்தேன். முழங்கையில் மண் ஒட்டியிருந்தது. மீசை வந்திருந்தால் அதிலும் ஒட்டியிருக்கும். பரவாயில்லை!

உங்களுக்குத் தெரியுமா?

* தைத்த தோல் பந்துகள் மழையில் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். 1986-ல் மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பையில்தான் முதன்முதலாக முழுவதும் செயற்கைப் பொருளால் ஆன பந்து வந்தது. தோல் ஊர்க்காரர்களான நாம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

* 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணியில் பெரும்பாலானவர்கள் ஷூ இல்லாமலே ஆடினார்கள். பிரான்சிடம் 2–1 என்ற கணக்கில்தான் தோற்றார்கள்.

படித்தீர்களா? பதில் சொல்லுங்கள்

1. காற்றுக் குமிழி அடியைக் குறைப்பது எப்படி?
2. தோள்பட்டி தளர்ந்தால் என்ன ஆபத்து?
3. விழும்போது கையை ஏன் நீட்டக் கூடாது?
4. 50 கிலோ மாணவி வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினால் உந்தம் எவ்வளவு?
5. வேப்பமரத்தடியில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் எழுதிக் காட்ட வேண்டாம். அவரை வியாழக்கிழமை சாயங்காலம் பாய் விரித்திருக்கும் இடத்துக்குக் கூட்டி வாருங்கள். செருப்புகளை நாம் வரிசையாக அடுக்கி வைத்துவிடலாம். அவை எங்கும் ஓடிப் போகாது.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்